ஏரிக்கரைப் பொருளுக்கு வந்த ஆட்சேபணை

பிள்ளைகளா, பழைய நகராட்சிக் கூடத்தைத் தாண்டும்போது மட்டும் அப்பா ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறார் என்று கேட்டீர்கள். எழுதிவிடுகிறேன். பயப்படாமல் படியுங்கள்.

மன்றக் கூட்டங்களுக்கு மைக் செட் போடுவது என் வேலை. அது வெள்ளைக்காரன் காலத்துக் கூடம். ஜன்னலில் நின்றால் திருநீர்மலை தெரியும். ஆளில்லாதபோது "ஹலோ, செக்" என்றால், கொஞ்சம் பொறுத்து, வேறு யாரோ சொல்வதுபோல் அது திரும்பி வரும்.

மன்றத்தில் முடிவுக்கு வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். அவசரமென்றால் எல்லாப் பொருளையும் சேர்த்து "ஆல் பாஸ்" என்று சொல்லி மேசையைத் தட்டுவார்கள். அவ்வளவுதான், நிறைவேறிவிடும். யாராவது "ஆட்சேபணை" என்றால்தான் அந்தப் பொருளைத் தனியாக எடுப்பார்கள்.

ஒரு நாள் கூட்டத்துக்கு வந்த பொருள்களில் ஒன்று, ஏரிக்கரையில் குழந்தைகளைப் புதைக்கும் இடத்தைக் குப்பை கொட்ட எடுத்துக்கொள்வது. உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவள் அங்கேதான் இருக்கிறாள். எங்கள் வார்டு கவுன்சிலரோ இறந்துபோய், அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. பக்கத்து வார்டு கவுன்சிலரம்மாவிடம் போய் நின்றேன்.

"அக்கா, அந்த ஏரிக்கரைப் பொருளு..."

"தெரியும்பா. ஆனா என் வார்டு இல்லியே. பூந்து பேசினா என்னிய பேஜார் பண்ணிடுவாங்க. இன்னா பண்ணச் சொல்ற?"

நான் போய் மைக் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் நெருங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "தலைவரே, பிரியாணி ஆறிக்கினு கீது. ஆல் பாஸ் போடுங்க!" என்றார். சிரிப்பு. மேசையைத் தட்டக் கைகள் எழுந்தன.

அப்போது ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது. ஓடி வந்து நின்றவர்கள் விடுகிற மூச்சு. பிறகு, "ம்ஹூம்."

வாயை இறுக்கி மூடிக்கொண்டு சொன்ன "ம்ஹூம்". சோற்றை ஊட்டப் போனால் உங்கள் மூத்தவள் அப்படித்தான் சொல்வாள்.

"யாருப்பா அது?" என்றார் தலைவர்.

காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மைக் செட்டுக்காரரே, அத்த ஆஃப் பண்ணுய்யா."

"சார், ஆளில்லாத சீட்டுன்னு அதுக்கு நான் ஒயரே குடுக்கல." கழற்றி வைத்திருந்த ஒயரின் நுனியைத் தூக்கிக் காட்டினேன்.

"செத்தவரு வந்துட்டாரு போல" என்றார் பிரியாணிக்காரர். யாரும் சிரிக்கவில்லை. விளக்கு மெல்ல அணைந்தது. எழுந்த கைகள் இன்னும் மேசைக்கு இறங்கவில்லை.

கவுன்சிலரம்மா என்னைப் பார்த்தார். எழுந்தார்.

"ஆட்சேபணை. என் பேரப் போட்டே எழுதிக்கோங்க. அந்த ஏரிக்கரைப் பொருள தனியா எடுங்க."

தனியாக எடுத்தார்கள். அதற்கு ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. பொருள் தள்ளுபடி ஆனது.

எல்லோரும் சாப்பிடப் போனபின் ஒயர்களைச் சுருட்டினேன். காலையில் எல்லா மைக்கின் கழுத்தையும் ஆள் உயரத்துக்கு நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். அந்த ஒன்று மட்டும் மேசை விளிம்புக்கும் கீழே, நாற்காலியின் கைப்பிடி வரைக்கும் வளைந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். வாய் வைத்துப் பேசும் முன்வலை ஈரமாக இருந்தது.

துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்கவில்லை. கழுத்தையும் நிமிர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.