வாய் நிறையத் தொதல்

என் வாய்க்குப் பூட்டில்லை என்று வீட்டிலும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மின்சாதனங்கள் விற்கும் கிளைக்கு நான் மனேஜர். வாடிக்கையாளர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். அதைப் பெரிய திறமை என்றே நினைத்திருந்தேன்.

என் பக்கத்து மேசையில் மூன்று வருடமாக வேலை செய்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். வத்தளையில் திறக்கப்போகும் புதுக் கிளையை அவளிடம் கொடுக்கலாமா என்று தலைமை அலுவலகம் படிவம் அனுப்பிக் கேட்டிருந்தது. அவளுக்கு அந்த இடத்தில் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், "தனியாகச் சமாளிக்க மாட்டார், இன்னும் பயிற்சி வேண்டும்" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். யாராவது சத்தம் போட்டால் அவள் உடனே என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

பெருநாள் முடிந்து கடை திறந்த அன்று, எங்கள் காசாளர் வீட்டிலிருந்து தொதல் கொண்டு வந்தார், தேங்காய்ப்பாலில் கிண்டிய, பல்லில் ஒட்டும் இனிப்பு. ஆசை யாரை விட்டது? பெரிய துண்டொன்றை வாய்க்குள் போட்ட அதே நேரம், கல்கிசையிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே நுழைந்தார். நாங்கள் அனுப்பிய ஃபிரிட்ஜ் அவர் வீட்டு மாடிப்படியில் சிக்கி நிற்கிறதாம்.

அவள் வழக்கம்போல என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. கையை மட்டும் ஆட்டினேன்.

அவள் அவரை உட்கார வைத்துச் சிங்களத்தில் பேசினாள். இரண்டு பிழை விட்டாள். திருத்த என் நாக்குத் துடித்தது, தொதல் விடவில்லை. பிறகு எங்கள் லொறி ஆட்களுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, ஃபிரிட்ஜ் கதவைக் கழட்டினா நுழையும். மேல கொண்டுபோய்த் திரும்பப் பூட்டுங்கோ."

நானென்றால் மன்னிப்புக் கேட்டு, லொறியைத் திருப்பி அழைத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் ஃபிரிட்ஜ் மேலே போய்விட்டதென்று பதில் வந்தது. கத்தியவர் தேநீரும் குடித்துவிட்டுப் போனார்.

அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், நீங்க ஒண்டுமே கதைக்கேல்ல. என்னில கோவமோ?"

பல்லில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கையும் விழுங்கிவிட்டுச் சொன்னேன். "கோவமில்லைப் பிள்ளை, தொதல்!"

காசாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்போடு வெட்கமும் வந்தது. மூன்று வருடத்தில் இந்தப் பெண்ணுக்கு நான் பத்து நிமிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லையே.

அழிறப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தேன். "நாளைக்கே கொடுக்கலாம்" என்று பேனாவால் எழுதினேன். பிறகு காசாளரிடம் மிச்சத் தொதலையும் கேட்டு வாங்கி மேசைக்குள் வைத்தேன். அவள் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வரப்போகிறாரே.