பழுக்கப் போட்ட தாரும் காணாமல் போன சாவியும்

என் வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வீட்டிலும் அதே வேலைதான். பால் திரிந்துவிட்டது என்றால், எத்தனை நிமிஷத்தில் திரிந்தது என்று கேட்கிற ஆள்.

ஆலங்குடியில் அவர் தங்கை மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் சீரில் வாழைத்தார்தான் முன்னால் போகும். காயாகப் போனால் தங்கை புருஷன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். கடையில் பழுத்ததாகவே வாங்கிவிடலாம் என்றேன்.

"பழுக்கிறதும் வேதிவினைதான். பத்து டிகிரி ஏத்தினா வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஞாயித்துக்கெழம காலைல மஞ்சளாக்கிக் காட்டுறேன் பாரு."

தங்கை புருஷனிடம் போனிலும் சவால் விட்டாயிற்று.

பொன்னமராவதியில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் காய்த்தாரை வைத்து, பானையில் தேங்காய் மட்டைப் புகை போட்டு, சந்துபொந்தெல்லாம் சாக்கால் அடைத்தோம். உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டார். அங்கேதான் வினை. வேகத்தை அளக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. பல் துலக்கினால் கதவைத் திறப்பார், டீ குடித்தால் திறப்பார். ஒவ்வொரு முறையும் சூடும் புகையும் அவரை இடித்துக்கொண்டு வெளியே வரும். வெள்ளிக்கிழமை காலையிலும் காய் பச்சைப் பசேலென்று இருந்தது.

"ஏங்க, இப்புடித் தொறந்துக்கிட்டே இருந்தா எப்புடிப் பழுக்கும்?"

"அளக்காம எப்புடித் தெரியும்? ஒனக்கு இதெல்லாம் புரியாது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் பள்ளிக்கூடம் போனதும் புதிதாகப் புகை போட்டு, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சாயங்காலம் வந்து சாவியைத் தேடு தேடென்று தேடினார். நானும் அரிசிப் பானைக்குள் கைவிட்டு மும்முரமாகத் தேடிக் கொடுத்தேன். மறுநாளெல்லாம் மனிதர் கதவில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டே திரிந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவர் கண்முன்னாலேயே திறந்தேன். திட்டத்தான் வாயைத் திறந்தார். பழ வாசனை முந்திக்கொண்டது. தார் முழுக்க மஞ்சள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் தாரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

ஆலங்குடியில் தங்கை புருஷன் ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, சபையில் எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கணக்குல கெட்டிதான் மச்சான் நீங்க. எப்புடி அளந்தீங்க?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அளக்க விடல மாப்ள. அதான் பழுத்திருச்சு."