சாரம் பிரித்த பிறகு

நகரத்தின் பெரிய தேவாலயத்துக்கு இருபத்திரண்டு வருடம் சாரம் கட்டியவரை எல்லோரும் வௌவால் என்றே அழைத்தார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்ததாகக் கேள்வி. அதை யாரும் புழங்கி அழுக்காக்கவில்லை.

அந்தத் தேவாலயம் ஒரு கல்காடு. தூண்கள் மரங்களாக எழும்பி, உயரத்தில் கிளை பிரிந்து, கூரை முழுக்க இலையாக விரியும். அதை அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கோடு ஊர் திரும்புவதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் விமானமேறி வந்தார்கள். வௌவாலின் மனைவி மட்டும் பார்த்ததில்லை. வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது.

காரணம், கொள்கை. கொத்தனாருக்குக் கட்டியது நின்றால் பெருமை. சாரக்காரருக்குக் கட்டியதைப் பிரித்தால்தான் பெருமை.

"பாதி சவரத்துல எவனாவது போட்டோ எடுப்பானா? சாரம் இறங்கட்டும், ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன். சர்ச் எங்க ஓடிடப் போகுது?"

"சர்ச் ஓடாது. நம்ம வயசு ஓடுதே!"

போன வருடம் அந்த அம்மாள் சட்டைப் பட்டனைத் தடவித் தடவித் தைக்க ஆரம்பித்தார். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு பட்டுப்போச்சு, பார்வை இன்னும் ஆறு மாசம் தாங்கினா பெரிசு என்றார்.

மறுநாளே கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! நாலாவது மாதம் சாரம் இறங்கிவிடும், அப்புறமும் இரண்டு மாதம் மிச்சம் என்று வௌவால் கணக்குப் போட்டார். கணக்கில் பிழையில்லை. சாரம் சொன்னபடி நாலாவது மாதம் இறங்கியது. கண் மூன்றாவது மாதமே அணைந்துவிட்டது.

ஆனாலும் வாக்கு வாக்குதான். இஸ்திரி போட்ட சட்டையில், மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

"சொல்லுங்க, எப்படி இருக்கு?"

வௌவால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இடதுபக்கம் நாலாவது தூண். பதினோரு மீட்டர்ல ஒரு கணு. அதுக்கு மேல ஒரு இலையில விரிசல் இருந்துச்சு. அடைச்சாச்சு."

"விரிசலைக் காட்டவா இருபத்திரண்டு வருஷம் காக்க வச்சீங்க? மொத்தமா எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மொத்தமாகவா? ஒவ்வொரு இலையையும் ஒரு முழத் தூரத்தில் பார்த்தவர் அவர். கீழே நின்று அண்ணாந்தபோதெல்லாம் அவர் கண் போனது தன் சாரத்தின் பலகைக்கும் குழாய்க்கும்தான். முழுசாக அவரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பார்த்தார். ஆயிரம் இலைகளுக்கு நடுவே பச்சைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, மனைவியின் முகத்தில், திறந்திருந்த கண்களிலேயே விழுந்தது. அந்த அம்மாள் இமைக்கவில்லை.

"என்ன, பேச்சையே காணோம்?"

"கழுத்து வலிக்குது."

"தலைகீழாத் தொங்கினப்ப வலிக்கலையாக்கும்!"

வௌவால் அண்ணாந்தபடியே நின்றார். குனிந்தால் கண்ணில் இருப்பது கீழே விழுந்துவிடும். உயரத்திலிருந்து எதையும் விழவிடக்கூடாது என்பது தொழிலின் முதல் பாடம்.

மனைவி அருகிலிருந்த பெஞ்சைத் தடவி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நிதானமா பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சர்ச் எங்க ஓடிடப் போகுது?"