கண்ணாடிக்கு ஒரு மைப்பொட்டு

ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். எழுபதைத் தாண்டிய மாவீரன் நான், கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்த வாசனையோடு புதுக்கோட்டை மியூசியம் வந்துவிட்டது. எங்களுக்கு அது செத்த காலேஜ். செத்ததையெல்லாம் பாடம் பண்ணி வைத்திருப்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை லீவு. தை மாதம் பிறந்த தம்பி, பேர் வைக்குமுன்பே போய்விட்டான். அதிலிருந்து ஆத்தா யாரோடும் பேசுவதில்லை.

"நாலு எடம் பாத்தா மனசு மாறும்" என்று அய்யா எங்களைக் கீரமங்கலத்தில் பஸ் ஏற்றினார். கிளம்பும்போது ஆத்தா பேசாமலே என் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். இந்த மூஞ்சிக்கும் கண் பட்டுவிடுமாம்.

பஞ்சடைத்த புலியைப் பார்த்ததும் டவுசரை நனைத்துவிட்டேன்.

"அது செத்துப் பல வருசமாச்சுடா, வீரா!" என்று அய்யா சிரித்தார். ஆத்தாவின் உதடுகூட லேசாக அசைந்தது. அந்த உற்சாகத்தில் அய்யா எங்களை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே கண்ணாடி ஜாடியில், ஸ்பிரிட்டுக்குள், விரல்களை மடக்கியபடி ஒரு சிசு.

"வா, அங்கிட்டுப் போவோம்" என்று அய்யா பதறி இழுத்தார். ஆத்தா நகரவில்லை. என் கன்னத்து மையை விரலால் வழித்து, ஜாடியில் அதன் கன்னத்துக்கு நேராகப் பொட்டு வைத்தாள்.

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா!" காவலாளி ஓடி வந்தார்.

"வர்றவங்க எல்லாம் பாக்குறாங்களே, பிள்ளைக்குக் கண்ணு படாதா?" என்றாள் ஆத்தா. அத்தனை மாதம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு.

காவலாளி துடைக்கத் துணியை எடுத்தார். பிறகு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன தாத்தா, இன்னும் ஊசியே போடலை, அதுக்குள்ள அழுகுறீங்க?" என்றாள் நர்ஸ்.

"புலி ஞாபகம் வந்துருச்சும்மா" என்றேன்.