காய்ந்ததும் எழுந்த எழுத்து

ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நடைபாதைகளைக் கழுவுவது டெல்மர் க்ராஸின் வேலை. மாணவர்கள் அங்கே சாக்பீஸால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதை மழைதான் அழிக்க வேண்டும், மனிதர் கை படக்கூடாது என்பது சட்டம். சட்டம் என்னவோ அழகுதான்! ஆனால் சில எழுத்துகளுக்கு மட்டும் நிர்வாகம் மழை வரும்வரை பொறுக்காது. அழிக்கச் சொல்லி டீன் அலுவலகத்திலிருந்து லோரெய்ன் போன் பண்ணிவிடுவாள். மேலே ஆள் மாறினால் அழிபடுகிற தரப்பும் மாறும். நல்ல கூத்து. டெல்மர் வாயைத் திறந்ததில்லை. தண்ணீரை வேகமாய் அடிக்கும் பீய்ச்சுகுழாயின் மெல்லிய முனையை எழுத்தின் வளைவு நெளிவெல்லாம் ஓட்டி அழிப்பான். ஈரம் காய்வதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

அன்று காலை ஆளை ஆள் தெரியாத பனிமூட்டம். லோரெய்ன் சொன்ன இடத்தில் ‘ஆளுக்கொரு சட்டமா?’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே, கையெல்லாம் வெள்ளையாக, அவன் மகள் ஷெல்பி உட்கார்ந்திருந்தாள். எழுதலாம் என்ற சட்டம் இருந்தும், முன்பு எழுதியதற்கே எச்சரிக்கை வாங்கியவள். இன்னொரு முறை மாட்டினால் படிப்பே போச்சு. அதுவும் கடைசிப் பருவத்தில்.

“எந்திரிச்சுப் போ புள்ள. யாராச்சும் பாத்துத் தொலைக்கப் போறாங்க.”

“எதிர்க் கோஷ்டி எழுதுனது அங்க அப்படியே கிடக்கு. அதுக்கு மட்டும் தண்ணி கிடைக்கலையாப்பா?”

குழாயை எழுத்தின் மேல் ஓட்டி அழித்தான். அவள் நகரவில்லை. அவளை விட்டுப் போக மனசில்லாமல் அவனும் நின்றான்.

பனியிலும் ஈரம் மெல்லக் காயக் காய, எழுத்து வெளுப்பாக மேலே வந்தது. அழுக்கேறிய தரையில் தண்ணீர் ஓடிய தடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவள் வரி மட்டுமா? குறுக்கும் நெடுக்குமாக, இத்தனை வருஷமும் அவன் அழித்த எல்லாத் தரப்பின் வார்த்தைகளும் வந்து நின்றன. பனிக்குள்ளிருந்து வந்த மாணவர்கள் கீழே பார்க்காமலே அவற்றை மிதிக்காமல் விலகிப் போனார்கள்.

“உனக்கு இது தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் நின்னு பாத்ததில்ல. ஆனா இதுல ஒண்ணுகூட எங்க கையெழுத்து இல்லப்பா.”

குனிந்து பார்த்தான். அட கடவுளே! அத்தனையும் ஒரே கை. வலப்பக்கம் சாய்ந்து, வால் நீண்ட அவனுடைய கையெழுத்து.

லோரெய்ன் வந்து நின்றாள்.

“சாக்பீஸ்னா மொதத் தடவை எச்சரிக்கையோட விட்டிருப்போம். இது அழியாத எழுத்து. எழுதுன ஆளு இனிமே இங்க இருக்க முடியாது. யாரு டெல்மர் இது?”

அவள் கண் ஷெல்பியின் கைகள் மேல் இருந்தது.

“நான்தாங்க,” என்றான் டெல்மர். “எல்லாமே நான் எழுதுனதுதான்.”