நகராட்சி போட்ட ஓட்டை

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகர் ஆன வருஷம்தான் நாங்கள் வீடு கட்டினோம். எண்பத்தொன்பது. கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது என்றதுமே தெருவுக்குத் தெரு மணல் வந்து இறங்கியது. ஊரே கட்டியது, நாங்களும் கட்டினோம். மற்றவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம், நகராட்சி அனுமதி கொடுத்த வரைபடத்தை என் வீட்டுக்காரர் நிஜமென்று நம்பினார்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், நான் தொடக்கப் பள்ளி டீச்சர். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்தடி காலியாக விட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. மேஸ்திரி மேற்குப் பக்கம் மூன்றடி மட்டும் விட்டு அஸ்திவாரம் தோண்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த இவர், சட்டைகூட மாற்றாமல் டேப்பை எடுத்துப்போய் அளந்தார். தோண்டியதை மூடிவிட்டு இரண்டடி தள்ளித் தோண்டச் சொன்னார்.

"சார், இந்த ஊர்ல யார் சார் அஞ்சடி வுடறாங்க? பிளான் ஆபீசுக்கு, வீடு நமக்கு. வர்றவங்களும் கேக்க மாட்டாங்க, போறவங்களும் கேக்க மாட்டாங்க" என்றார் மேஸ்திரி.

"அஞ்சடின்னா அஞ்சடிதான். நாலேமுக்கால் கூட கிடையாது" என்றார் இவர்.

எனக்கே எரிச்சல்தான். அந்த இரண்டடி இருந்தால் சமையலறையில் இரண்டு பேர் இடிக்காமல் நின்றிருக்கலாம். அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மாடியில் இருந்தோம். காரணம் மலை. மேற்கே எல்லாம் ஓட்டு வீடுகள், மாடி அறை ஜன்னலைத் திறந்தால் அண்ணாமலை அடிவாரத்திலிருந்து உச்சி வரை முழுசாக வந்து நிற்கும். தீபத்தன்று ஊரெல்லாம் மொட்டை மாடியில் முண்டியடிக்கும்போது நாங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே கும்பிடுவோம். கணக்கு வாத்தியாருக்கு அதில் ஒரு பெருமை.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. தெளிவாக வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: மலை. கீழ்வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது இடது கையால் கட்டிலை ஓங்கி ஓங்கி அடித்தார். ஜன்னலைப் பார்த்து "மலை, மலை" என்றார். சரி, கிடக்கட்டும் என்று மாடியிலேயே விட்டோம். வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு, கீழ்வீட்டுக் கண்டக்டர் தம்பியும் இரண்டு ஆட்டோக்காரர்களும் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மழையில் படி வழுக்கக்கூடாதே என்று வெளிப் படிக்கட்டுக்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேற்குப் பக்கத்து ஓட்டு வீட்டை ஒருவர் வாங்கி இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருகிற கூட்டத்தைப் பார்த்து ஊரில் பாதிப் பேருக்கு அந்த ஆசை வந்திருந்தது. எங்கள் சுற்றுச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அவர் சுவரை எழுப்பினார். விட வேண்டிய ஐந்தடி எங்கே என்று கேட்டேன்.

"அதான் உங்க பக்கம் அஞ்சடி கீதேம்மா. காத்து ரெண்டு பேருக்கும் பொதுதான?" என்று சிரித்தார்.

நாங்கள் விட்ட இடம் அவருடைய லாட்ஜுக்குக் காற்றோட்டமாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அவருக்குக் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான் அனுமதி என்பதை ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் தளம் போட்டு, அதன் மேல் தூண் எழுப்பி, முதல் வேலையாக எங்கள் பக்கத்துச் சுவரை வைத்தார். மற்ற மூன்று பக்கமும் திறந்த வெளி. எங்கள் பக்கம் மட்டும் செங்கல் மேல் செங்கலாக ஏறி, நாலே நாளில் மலை போய்விட்டது. இவர் ஜன்னலைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையையும் நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றேன். மனுவில் சீல் அடித்து நகராட்சிக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் கட்டட ஆய்வாளர் வந்தார். கையில் டேப், பின்னால் இரண்டு ஆட்கள். அப்பாடா, கேட்க ஒரு நாதி இருக்கிறது என்று காப்பி போட்டுக் கொடுத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு அவர் டேப்பை விரித்தது எங்கள் வீட்டு வாசலில்.

"பக்கத்து வீட்ட அளக்கலையா சார்?" என்றேன்.

"மனு குடுத்தவங்க வீட்டயும் பாக்கணும் டீச்சர். நாளைக்கு அவரு உங்க மேல குடுத்தாருன்னா?" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தத் தகரம் பிளான்ல இல்லையே. முன்பக்கக் காலியிடத்துல நீட்டிக்கினு கீது."

"உடம்பு முடியாதவரத் தூக்கிக்கினு இறங்கணும் சார். மழைக்காலம்."

"ரூல்னு ஒண்ணு இருக்குதுல்ல டீச்சர்? படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?"

அரை மணி நேரம்தான். தகரம், கம்பி, ஒன்று விடாமல் பிடுங்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் லாட்ஜ்காரர் ஆட்கள் சாந்து குழைப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். காப்பி டம்ளரைக் கழுவும்போது எனக்கு அருவருப்பாக இருந்தது. கழுவிய பிறகும் அந்த டம்ளரில் குடிக்க மனசு வரவில்லை, வெளியே போட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் அவரை இறக்கியபோது நான் குடை பிடித்தேன், குடை நாற்காலியை மறைக்குமா படியை மறைக்குமா? நடுப்படியில் கண்டக்டர் தம்பி வழுக்கினார். நல்லவேளை, கைப்பிடியில் சாய்ந்து நின்றுவிட்டார். நாற்காலியில் இவர் தொப்பலாக நனைந்து, வாயோரம் மழைத் தண்ணீர் வழிய, இடது கை நாற்காலியைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் மனு எழுதினேன். அடுத்த திங்களும் எழுதினேன். அதற்கடுத்த திங்களும் எழுதினேன். கலெக்டர் ஆபீஸ் பியூனே "வாங்க டீச்சர்" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

கார்த்திகை பிறந்து சில நாளில், அதே ஆய்வாளர் சம்மட்டி ஆட்களோடும் ஒரு போட்டோக்காரரோடும் லாட்ஜ் மாடிக்கு ஏறினார். நான் ஜன்னலில் நின்றேன். சுவரில் தொம்தொம்மென்று அடித்தார்கள். நாலு செங்கல் விழுந்தது, இன்னும் நாலு விழுந்தது. ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை விழுந்ததும் "போதும் போதும்" என்ற குரல் கேட்டது. சம்மட்டியை ஓங்கியபடி ஒருவர் நிற்க, போட்டோ எடுத்தார்கள். லாட்ஜ்காரர் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். சம்மட்டி ஆட்கள் இளநீர்க் கூட்டை அந்த ஓட்டை வழியாக எங்கள் ஐந்தடியில் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நான் கத்தியது அவர்கள் காதில் விழுந்திருக்காது.

திரும்பினால் இவர் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தேன். ஓட்டைக்குள் உச்சி தெரிந்தது. உச்சி மட்டும்தான், அதுவும் ஒரு துண்டு.

"மலை" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவர் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டு.

நாலாம் நாள் நகராட்சியிலிருந்து பதில் கடிதம் வந்தது. மேற்படி கட்டடத்தின் அனுமதியற்ற மேல்தளம் இடித்து அகற்றப்பட்டது, மனு முடித்துவைக்கப்படுகிறது. கீழே கையெழுத்து, சீல். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அந்த அகற்றப்பட்ட மேல்தளத்தைப் பார்த்தேன். அதில் லாட்ஜ்காரரின் மேஸ்திரி, ஓட்டையை அடைக்கச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

தீபத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மனு, நாலு மனு என்று எழுதிய நான், படி இறங்கிப் போய் லாட்ஜ்காரர் முன்னால் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தீபம் முடியறவரைக்கும் அந்த ஓட்டைய அடைக்காதீங்க. அவரு ஒரு தடவ பாத்துடட்டும்."

"அதுக்கின்னாம்மா, தாராளமா பாக்கட்டும். நமக்கும் புண்ணியந்தான்" என்றார் அவர். மலையை மறைத்தவர், அதில் ஒரு துண்டை எனக்குத் தானமாகக் கொடுத்தார். நானும் "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீபத்தன்று மதியமே அவருக்கு உடம்பு துடைத்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி உட்கார வைத்தேன். ஐந்தரைக்குத் தெரு முழுக்கச் சத்தம். லாட்ஜ் மாடியிலும் ஆள் நடமாட்டம் கேட்டது, தெரிந்தவர்களை ஏற்றியிருந்தார்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டைக்கு நேராக ஒரு கட்டம் போட்ட சட்டை வந்து நின்றது. முதுகு. ஓட்டையே அடைந்துவிட்டது. இவர் தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறார், அந்தப் பக்கம் சாய்க்கிறார்.

"ஏங்க! கொஞ்சம் தள்ளி நில்லுங்க! இங்க உடம்பு முடியாதவரு பாக்கறாரு!" என்று ஜன்னலில் நின்று கத்தினேன்.

கட்டம் போட்ட சட்டை திரும்பிக் குனிந்து, ஓட்டை வழியாகப் பார்த்தது. கட்டட ஆய்வாளர்! இடுப்பில் குழந்தை, பக்கத்தில் பட்டுப் புடவையில் மனைவி. இடித்து அகற்றிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்ட தளத்தின் மேல் குடும்பத்தோடு நிற்கிறார். அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

"அட, டீச்சரா! பாக்கட்டும் பாக்கட்டும்" என்று அரையடி ஒதுங்கினார்.

அந்த நொடியில் உச்சியில் தீபம் ஏறியது. ஊரே "அரோகரா" என்று அதிர்ந்தது. இவர் இடது கையைத் தூக்கி, நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

ஓட்டையின் ஓரத்தில் நின்ற ஆய்வாளர், அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, "இருக்கட்டும் சார், இருக்கட்டும்" என்று பதிலுக்குக் கும்பிட்டார்.