ஸஹாப்தீன் கையெழுத்து வைக்க மறுத்த அறிக்கை

துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்சார வேலை பார்த்த ஸஹாப்தீனுக்குக் கோபம் அரிதாகத்தான் வரும். 1968இல் வந்த கோபம் மட்டும் கடைசிவரை ஆறவில்லை.

அவர் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்; வீட்டிலிருந்தே ஒலிபரப்பி, தூரத்து நாடுகளில் உள்ள தன்னைப் போன்றவர்களோடு பேசுவார். உட்துறைமுக வீதியில் இருந்த தன் வீட்டுக்கு மேலே, அலுமினியக் குழாய்களால் மூன்று கைகள் கொண்ட திசை அன்டெனா ஒன்றைத் தானே செய்து ஏற்றியிருந்தார். அறையிலிருந்து அதுவரை இரண்டு கம்பிகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் போயின. இரண்டிலும் மின்னோட்டம் சமமாக, எதிரெதிர்த் திசையில் ஓடியதால் வழியில் எதுவும் கசியவில்லை. தங்கள் ரேடியோவில் இடைஞ்சல் என்று நான்கு வருடமாக வீதியில் ஒருவரும் முறையிடவில்லை.

வானொலி உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு வந்த அதிகாரிக்கு அந்தக் கம்பிகள் பிடிக்கவில்லை. நடுவில் கம்பியும் சுற்றிவர உலோக உறையும் உள்ள கோஆக்ஸ் கேபிளைப் போடச் சொல்லி ஒரு படத்தை நீட்டினார்.

"போடலாம் சேர். ஆனா அன்டெனாவுக்கு ரெண்டு பக்கமும் சமம், இந்தக் கேபிளுக்கு அப்படியில்ல. நேரடியாக் கட்டினா உறையின்ட வெளிப்பக்கத்தால கரண்ட் இறங்கி வரும். இடையில பாலன் ஒண்டு வைக்கோணும், ரெண்டையும் இசைய வைக்கிற சுருள்."

"படத்தில இருக்கிறதை மட்டும் செய்யும். உம்மட கண்டுபிடிப்பு ஒண்டும் வேண்டாம்."

தன் ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பிவிட்டு, சொன்னபடியே கட்டினார். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் அடுத்த வீட்டு ஆசிரியை புஷ்பவதி வேலியருகே வந்தார். "நானா, செய்தி வாசிக்கிற நேரம் எங்கட ரேடியோவில உங்கட குரல்தான் கேக்குது."

ஸஹாப்தீனுக்கு முகம் சிவந்தது. அன்று மாலையே கூரையில் ஏறினார். அன்டெனாவுக்குக் கீழே கேபிளை எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினார். உறை வழியே இறங்கும் மின்னோட்டத்தை அந்தச் சுருள் தடுக்கும்; அவர் சொன்ன பாலன் அதுதான். கேபிள் சேரும் இடத்தில் இம்பீடன்ஸ் என்னும் மின்னெதிர்ப்பு இருபத்தைந்து ஓம்தான். கேபிளுக்கோ ஐம்பது வேண்டும். இரண்டையும் பொருத்துவதற்காக நடுக்கையைச் சற்றுக் குறுக்கி, கொண்டையூசி போல வளைத்த செம்புக்கம்பியை அங்கே பூட்டினார். பிறகு முன்பு பேசிய அதே பவரில் பேசினார்.

"இப்ப கேக்குதா டீச்சர்?"

"இல்ல நானா, செய்தி மட்டும்தான்."

ஆனால் அதற்குள் வீதியிலிருந்து யாரோ மனு அனுப்பியிருந்தார்கள். அதிகாரி தட்டச்சிட்ட அறிக்கையோடு வந்தார். உரிமதாரர் அளவுக்கு மிஞ்சிய பவர் பாவித்தார் என்றும், அலுவலகத்தின் அறிவுறுத்தலால் அதைக் குறைத்துக்கொண்டார் என்றும் அதில் இருந்தது.

"இது பொய் சேர். நீங்கள் கட்டச் சொன்னதாலதான் கசிஞ்சது. மேல ஏறிப் பாருங்க, அளந்து காட்டுறன்."

"ஏணி ஏற நான் வரயில்ல. சைன் பண்ணும்."

"ஏலாது."

புஷ்பவதி வேலிக்கு அப்பால் நின்று, "நான் காதால கேட்டனான் ஐயா, அவர் அதே பவரிலதான் கதைச்சவர்," என்றார். "டீச்சருக்கு ரேடியோ தெரியுமா?" என்று சிரித்தார் அதிகாரி. தன்னை இழிவாகப் பேசியதைவிட அந்தச் சிரிப்புத்தான் ஸஹாப்தீனைக் கொதிக்கவைத்தது.

உரிமம் இடைநிறுத்தப்பட்டது. அவர் பதினொரு கடிதங்கள் எழுதினார். அளவீடுகளையும் புஷ்பவதியின் சாட்சியத்தையும் இணைத்தார். ஏழு மாதம் கழித்து உரிமம் திரும்பி வந்தது. தவறு யாருடையது என்று ஒரு வரியும் இல்லை.

அன்று மாலை அவருடைய வானொலி அழைப்புக்குப் பினாங்கிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். ஸஹாப்தீன் கால் மணி நேரம் பாலனைப் பற்றியே பேசினார்.